பென்சில் வட்டம்

"முப்பத்தஞ்சு நிமிஷம் ஆடாம அசையாம இருக்கணும் தலைவரே, இல்லேன்னா காதுக்குள்ள எறங்கிடும்" என்று சொல்லிவிட்டு பெங் அவர் தலையைச் சுற்றி பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டினாள். சாயம் முதலில் சில்லென்றிருந்தது, பிறகு அரிக்க ஆரம்பித்தது, அதுவும் சரியாக இடது காதுக்குப் பின்னால், கை போட முடியாத இடத்தில். பதவியில் இருந்த நாளில் பதினைந்து நாளுக்கு ஒருதரம் இதே அரிப்பு. மாகாணத்தின் துணை ஆளுநர்கள் ஏழு பேருக்கும் தலை ஒரே கறுப்பாக இருக்கும், கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் எது யார் தலை என்று தெரியாது. ஓய்வு பெற்றதும் லூ ஜிங்யுவான் செய்த முதல் காரியம் சாயத்தை விட்டதுதான். அப்பாடா, இனிமேல் நரைக்கலாம் என்று நரைத்தார், பத்து வருஷம் நிம்மதியாக நரைத்தார். இன்றைக்கு மறுபடி எதற்கென்று பெங் கேட்கவில்லை, கேட்கிற ரகமும் இல்லை அவள். ஓய்வுபெற்ற அதிகாரிகள் மன்றத்தில் இருபது வருஷமாக முடி வெட்டுகிறவளுக்கு எதைக் கேட்கக் கூடாது என்பது கத்தரிக்கோலைவிட நன்றாகப் பழகியிருந்தது. தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, நேற்றுவரை மேடையில் கறுகறுவென்று நின்றவன் ஆறு மாதம் கழித்து நீதிமன்றக் கூண்டில் வெள்ளை வெளேரென்று நிற்பதை. உள்ளே சாயம் கிடையாது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஊர் ஜனம் அந்த நரையைப் பார்த்துத்தான் இவன் மாட்டிக்கொண்டான் என்று புரிந்துகொள்கிறது. மூன்று மணிக்குக் கட்சியின் ஒழுங்கு விசாரணைக் குழுவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வருகிறார்கள். "சும்மா ஒரு நிலவரம் தெரிஞ்சுக்கத்தான் ஐயா, பெரியவரைத் தொந்தரவு பண்றோம்" என்று நேற்று போனில் பேசிய பெண் இனிக்க இனிக்கச் சொன்னாள். அந்த இனிப்புத்தான் சரியில்லை. வெள்ளைத் தலையோடு அவர்கள் முன்னால் போய் உட்கார்ந்தால் பாதிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? அசட்டுத்தனம்தான், தெரியாமலா இருக்கிறது. எழுபத்தாறு வயதில் கறுத்த தலையோடு போய் உட்கார்ந்தால் மட்டும் என்ன, மூடி மறைக்கிறான் கிழவன் என்று நினைக்கப் போகிறார்கள். ஆனாலும் இறங்கியாயிற்று, பாதித் தலையோடு எழுந்து போக முடியாது.

விசாரணை அவர்மேல் இல்லை. ஃபான் தெலின்மேல். பதினோரு வருஷம் இவருக்கு அந்தரங்கச் செயலாளனாக இருந்த ஃபான், இவர் உட்கார்ந்த அதே துணை ஆளுநர் நாற்காலிக்கு வந்து சேர்ந்த ஃபான், போன மாதம் அலுவலகத்திலிருந்தே கூட்டிக்கொண்டு போகப்பட்ட ஃபான். அவனை வளர்த்தவர் இவர்தான். வளர்த்தார் என்றால், ரத்த அழுத்த மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்பதிலிருந்து யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை நிமிஷம் போய்த் தலை காட்ட வேண்டும் என்பதுவரை அவன் கையில்தான் இருந்தது. யார் யாரை வளர்த்தது என்றுகூட சில சமயம் சந்தேகம் வரும். வீட்டுக்கு வெளியே அவனுக்கு மட்டும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு, பென்சில். மேலிடத்துக்கு வருகிற ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், அதில் தலைவர்கள் பெயர்கள் வரிசையாக இருக்கும், படித்தவர் தன் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். தகவல் கோப்பென்றால் வட்டத்துக்குப் பார்த்தேன் என்று அர்த்தம், அனுமதி கேட்கிற கோப்பென்றால் சம்மதம் என்று அர்த்தம். மையால்தான் போட வேண்டும், அது விதி. லூ பென்சிலால் போடுவார். மாநகரக் கட்சிச் செயலாளராக இருந்தபோது ஒருமுறை மையால் வட்டம் போட்டு மாட்டிக்கொண்டு தப்பித்த நாளிலிருந்து வந்த பயம் அது. பகலெல்லாம் பென்சில், சாயங்காலம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஃபான் கோப்புகளைப் பரப்பி ஒவ்வொன்றாகக் காட்டி "இதுக்கு மை போட்டுடலாமா தலைவரே?" என்பான். இவர் தலையாட்டினால் பென்சில் மேலேயே பேனாவை ஓட்டுவான், இவர் கையெழுத்தைப்போலவே மேலே கொஞ்சம் திறந்த வட்டம். வாய் மெல்லுவதில் மும்முரமாக இருந்தால் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு 'ஆராய்ச்சியில்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவான். ஆராய்வோம், ஆராய்வோம், நாற்பது வருஷத்தில் இந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! எவ்வளவு சாமர்த்தியமான ஏற்பாடு என்று அப்போது தோன்றியது. ஒரு மனிதன் தன் சம்மதத்தை ரப்பரால் அழிக்கிற மாதிரி வைத்துக்கொண்டால், அதற்கு மை போடுகிற வேலையையும் அடுத்தவன் கையில்தானே கொடுத்து வைக்கிறான் என்று அப்போது தோன்றவில்லை.

ஷிகௌ கிராமத்துக் கோப்பு. பதினெட்டு வருஷத்துக்கு முந்திய மே பதினேழு. நீர்த்தேக்கத்துக்காக ஷிகௌ ஜனங்களை வேறிடம் மாற்ற வேண்டியிருந்தது. கிழக்குச் சரிவில் வீடு கட்டுவதா, ஆற்றுக்கு அப்பால் சமவெளியிலா? கோப்பு கேட்டது சரிவுக்கு அனுமதி. சரிவின் மண் களிமண், மழை நின்று பெய்தால் நகரும் என்று ஒரு பொறியாளர் அரைப் பக்கம் எழுதியிருந்தார், இவர் அதைப் படித்தார், சத்தியமாகப் படித்தார், படித்துவிட்டுப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டத்துக்கு அன்றைக்கு அர்த்தம் 'பார்த்தாயிற்று, கொஞ்சம் கிடக்கட்டும்' என்பதுதான். கிடக்கவில்லை. சரிவில் வீடு எழும்பியது. இரண்டு கோடை கழித்து நான்கு நாள் விடாத மழை, ஐந்தாம் நாள் விடிகாலை மலை இறங்கி வந்தது, முப்பத்தேழு பேர். இவர் போனார், யாருடையதோ மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றார். ஒரு பெண்பிள்ளை, சுமார் நாற்பது வயதிருக்கும், அழவில்லை, கத்தவில்லை, வந்து நின்று "இந்த இடத்தைப் பாத்துக் குடுத்தது உங்கள்ல யாருங்க?" என்று கேட்டாள். "ஆராய்வோம்" என்றார் இவர். அட, அந்த நேரத்திலும் அந்த வார்த்தைதான் வந்தது! ஊர் திரும்பிக் கோப்பை வரவழைத்துப் பார்த்தால் பெயரைச் சுற்றிக் கறுப்பு மை, மேலே கொஞ்சம் திறந்த வட்டம், பக்கத்தில் மே பதினேழு. "நானா சம்மதிச்சேன்?" என்று ஃபானைக் கேட்டார். "நீங்கதான் தலைவரே. சாப்பாட்டு மேசையில. அண்ணி சூப் ஊத்திக்கிட்டிருந்தாங்க, நீங்க தலையாட்டினீங்க." வீட்டுக்கு வந்து சூயினைக் கேட்டார். மனைவி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஆமா. தாமரைக் கிழங்கு சூப். ரெண்டு தடவை தலையாட்டினீங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." ஒரு நாளைக்கு நாற்பது தடவை தலையாட்டுகிற மனிதருக்கு எதென்று ஞாபகம் இருக்கும்? நம்பினார். சுயவிமர்சனம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அதையும் ஃபான்தான் எழுதினான், இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழுவின் முன்னால் நிறுத்தி நிதானமாக வாசித்தார். அந்த வருஷம் ஆளுநர் ஆகியிருக்க வேண்டியவர். பெயர் தலைநகர்வரை போயிருந்தது. அதற்குப் பதிலாக ஆலோசனைச் சபைக்கு அனுப்பினார்கள், நல்ல நாற்காலி, நல்ல தேநீர், வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாத இடம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார், பதவி வரும் போகும். பொறுக்க முடியாதது அந்தத் தலையாட்டல்தான். பதினாறு வருஷமாகக் கண்ணை மூடினால் மேசை வருகிறது, கோப்பு வருகிறது, தன் தலை மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஆட்டினேனா, ஆட்டினேனா என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஆட்டினேன் ஆட்டினேன் என்று தானே பார்த்த மாதிரி ஆகிவிட்டது. முப்பத்தேழு பேர் தன் கழுத்தின் ஒரு அசைவில் போனார்கள் என்று நம்பிக்கொண்டே காலையில் பல் தேய்த்தார், மாலையில் பூங்காவில் நடந்தார்.

"அரிக்குதா தலைவரே? பொறுத்துக்குங்க, இன்னும் இருபது நிமிஷம். ஆமா, பேத்தி எப்படி இருக்கா? இந்த வருஷந்தானே நுழைவுத் தேர்வு?" என்று பெங் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். ஆமாம், யாவ்யாவுக்கு அடுத்த வாரம் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. "கெட்டிக்காரி. பதினெட்டு முடிஞ்சிடுச்சில்ல?" முடிந்துவிட்டது, இந்த மாதம் மூன்றாம் தேதி, கேக் வெட்டுகிற படம் போனில் வந்தது, ஒன்றும் எட்டும் வடிவில் இரண்டு மெழுகுவர்த்தி, பேத்தி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். "மே மாசத்துக் குழந்தையா! ஐயோ, அண்ணிக்கு அந்த வருஷம் நல்ல வேலைதான். என் மக பெத்தப்போ நானும் முழுசா ஒரு மாசம் போய் உக்காந்தேன். ஜன்னலைத் தொறக்காதேங்கறேன், தலைக்குத் தண்ணி ஊத்தாதேங்கறேன், கேக்கறாளா? கதவைத் தாண்டிக் கால் வைக்க விடலையே நான். பெத்தவ இல்லாம அந்த ஒரு மாசத்த யாரு பாக்கறது?" பெங் பேசிக்கொண்டே போனாள். இவர் உம் கொட்டினார். வழக்கம்தானே, எல்லா வீட்டிலும் உள்ளதுதானே, பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் அறைக்குள் இருப்பாள், அம்மாக்காரி கூடவே இருப்பாள், சூயினும் போனாள், கடலோரத்தில் மகள் நிங் வீட்டுக்கு ஒரு மாதம் போய்... ஒரு மாதம். மே மூன்றில் குழந்தை. மூன்றிலிருந்து ஒரு மாதம். இல்லை, இரு, அது வேறு வருஷமாக இருக்கும். வேறு வருஷம் எப்படி, பேத்தி ஒருத்திதானே? பதினெட்டு. கேக்கில் பதினெட்டு. கோப்பும் பதினெட்டு. நடுவில் ஒருநாள் வந்து போயிருப்பாளோ? அத்தனை தூரம் ரயிலில், பச்சைப் பிள்ளைக்காரியைத் தனியே விட்டுவிட்டு, எனக்குச் சூப் ஊற்றவா வருவாள்? தலையைச் சட்டென்று திருப்பினார், சாயம் ஒரு சொட்டுக் கழுத்தில் இறங்கியது, "ஆடாதீங்கன்னேனே!" என்று பெங் துணியோடு ஓடிவந்தாள். பதினேழாம் தேதி அவள் வீட்டில் இல்லை. மேசையில் அன்றைக்கு யார் இருந்தார்கள்? அந்த மாதம் முழுக்க மேசையே கிடையாதே! அலுவலக உணவுக்கூடத்தில்தான் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார், கோப்புகளை ஃபான் காரிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவான். இதை எப்படி மறந்தார்? மறக்கவில்லை, முதலில் மனசில் வைத்துக்கொண்டாரா என்ன? பேத்தி பிறந்த தேதியை அன்றைக்கு அறிந்தவன் ஃபான், வாழ்த்து அனுப்பியவன் ஃபான், ஆயுள் கெட்டியாக இருக்கக் குழந்தை கழுத்தில் போடுகிற வெள்ளிப் பூட்டை வாங்கியவன் ஃபான். தாத்தா நூறாம் நாள்தான் போய்ப் பார்த்தார், அதுவும் அந்த ஊரில் ஒரு மாநாடு இருந்ததால். வீட்டு நாள்கணக்கை எல்லாம் செயலாளனிடம் ஒப்படைத்துவிட்டு மாகாணத்தை ஆண்ட மனிதருக்குப் பதினெட்டு வருஷம் கழித்து முடி வெட்டுகிறவள் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் தலையாட்டவில்லை. சந்தோஷம் வந்தது, உண்மையாகவே வந்தது, மார்புக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி, எழுந்து தெருவில் ஓட வேண்டும்போல. ஆட்டவில்லை, ஆட்டவில்லை, அந்தப் பெண்பிள்ளையைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும், நான் இல்லையம்மா, பென்சில்தான் போட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பென்சில் போட்டவன் பேசுகிற பேச்சா இது? களிமண் என்று படித்துவிட்டு வேண்டாம் என்று நாலு எழுத்து எழுதத் துப்பில்லாமல் வட்டம் வரைந்தவன்தானே! சரி, அது என் பங்கு, அதை வைத்துக்கொள்கிறேன். ஃபான் பொய் சொன்னான், அதுவும் போகட்டும், அந்தப் பயல் தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னான், ஊரில் நடக்காததா. சூயின் ஏன் சொன்னாள்? தாமரைக் கிழங்கு என்று கிழங்கின் பெயர் முதற்கொண்டு ஏன் சொன்னாள்? இந்த இடத்தில் மனசு போய் முட்டியது, திரும்பியது, மறுபடி அதே இடத்தில் போய் முட்டியது. அந்த மே மாதம் தினமும் சாயங்காலம் மகள் வீட்டிலிருந்து போன் வரும். எடுத்ததும் "ஃபானைக் கூப்பிடுங்க, உங்க மாத்திரை விஷயம் சொல்லணும்" என்பாள். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். மாத்திரைக்கா இத்தனை பேச்சு என்று இவர் கேலிகூடப் பண்ணியிருக்கிறார். ஜூனில் திரும்பி வந்தபோது இவருக்கு ஒரு டப்பா கருவாடு, ஃபானுக்கு நல்ல தோல் செருப்பு ஜோடி. அப்புறம் மருமகன் காவ். காவுடைய கம்பெனி அந்த வருஷம் இழுத்து மூடுகிற நிலையில் இருந்து எப்படியோ எழுந்து நின்றது. ஷிகௌ சரிவைச் சமன்செய்து கடைக்கால் போட்ட வேலை வேறு ஏதோ பெயரில் அவனிடம்தான் போனது என்று நிலச்சரிவுக்குப் பிறகு அரசல்புரசலாகக் காதில் விழுந்தபோது இவர் மேலே கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே. சமவெளியில் கட்டியிருந்தால் அங்கே சமன்செய்ய என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லை. அடிப் பாவி. இவர் அறையில் விழித்துக் கிடப்பதை அவள் பார்த்தாள், பக்கத்திலேயே படுத்துக்கொண்டு பார்த்தாள். "மறுபடியும் அதையே நெனைக்கறீங்களா, தண்ணி கொண்டுவரட்டா?" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள், தடவின கை அதுதான். இன்றைக்குக் காலையில் பழைய டிரைவர் மா போன் பண்ணி, "தலைவரே, ஃபான் உள்ளே உங்க பேரைச் சொல்லிட்டானாம், நீங்க தலையாட்டினதாவும், அண்ணி சாட்சின்னும் எழுதிக் குடுத்திருக்கானாம்" என்று கிசுகிசுத்தபோது சூயின் அடுப்படியில் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். இவர் போய்ச் சொன்னதும் நறுக்குவதை நிறுத்தாமலே "ஆமான்னு சொல்லிடுங்க. இந்த வயசுல உங்களை என்ன பண்ணிடப் போறாங்க? போய்த் தலைக்குச் சாயம் போட்டுட்டு வாங்க, நல்லா இருக்கும்" என்றாள். அவள் சொல்லித்தானே இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்!

பெங் தலையைக் கழுவிவிட்டாள். வெந்நீர் இதமாக இருந்தது, அது இதமாக இருந்ததே எரிச்சலாக இருந்தது. துவாலையால் துடைத்து நிமிர்த்தியபோது கண்ணாடியில் ஐம்பத்தெட்டு வயசு லூ ஜிங்யுவான் கறுத்த தலையோடு உட்கார்ந்திருந்தார், முகம் மட்டும் வேறு யாருடையதோ. கதவு திறந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு சூயின் வந்தாள்.

"அடடே, கிழவரைக் காணோமே! இங்கே யாரோ மாப்பிள்ளை உக்காந்திருக்காரு" என்று சிரித்தாள். பெங்கும் சிரித்தாள்.

"யாவ்யாவ் பொறந்தப்போ நீ அங்கே எத்தனை நாள் இருந்தே?" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"எத்தனை நாளா? ஒரு மாசம் முழுக்க இருந்தேனே, நிங்குக்கு பால் நின்னு போயி, ராத்திரி பகலா..." அங்கே நிறுத்தினாள். முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை, எங்கே போவதென்று தெரியாததுபோல் கொஞ்ச நேரம் நின்றது. பெங் வாளியைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் கொட்டிவிட்டு வருவதாகச் சொல்லி, பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

"நீ அன்னைக்கு வீட்டுலயே இல்ல."

சூயின் சட்டையின் மடிப்பை விரலால் நீவினாள். பொய் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார், சொல்ல வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டார். "இல்ல" என்றாள். "காவ் கம்பெனி முழுகிக்கிட்டிருந்துது. மக அழுத அழுகை நீங்க பாக்கல. நான்தான் ஃபான்கிட்ட மை போடச் சொன்னேன். மண்ணு எறங்கும்னு எனக்கு என்ன தெரியும்?"

"எறங்கினப்புறம் தெரிஞ்சுதே."

"தெரிஞ்சுது. நீங்க தாங்கிக்குவீங்கன்னு நெனைச்சேன். அவளால தாங்க முடியாது."

அவ்வளவுதான். அழுவாள், காலில் விழுவாள் என்றெல்லாம் நினைத்தாரே, பஸ் நேரம் சொல்லுகிற மாதிரிச் சொல்லிவிட்டாள். கேட்டிருந்தால் சுமந்திருப்பேனே என்று நினைத்தார். கோபத்தைவிடப் பெரிதாக இதுதான் வந்து நின்றது. மகளுக்காக நீங்க சொன்னதா இருக்கட்டும் என்று பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தெரிந்தே, முழு மனசோடு, அந்த முப்பத்தேழு பேரையும் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், இவளும் ஒரு ஓரத்தைப் பிடித்திருப்பாள், இரண்டு பேருமாகத் தூங்காமல் கிடந்திருக்கலாம். கேட்காமல் ஏற்றிவிட்டாள். ஏற்றிவிட்டுப் பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மேலே போர்த்தியிருந்த துணிக்கு அடியில் போன் அடித்தது. அதே இனிப்புக் குரல். "லூ ஐயா, நாங்க கிளம்பிட்டோம். ஒரு சின்ன விஷயம், வீட்டம்மாவும் மூணு மணிக்கு இருப்பாங்கதானே? அன்னைக்கு சாயங்காலம் அவங்களும் மேசையில இருந்தாங்கன்னு ஃபான் சொல்லியிருக்காரு. அவங்ககிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிட்டா எங்க வேலை முடிஞ்சுடும், உங்களை அப்புறம் தொந்தரவே பண்ண மாட்டோம்."

குரல் சின்ன அறையில் நன்றாகவே கேட்டது. சூயின் அவரைக் கண்ணாடிக்குள் பார்த்தாள். "புள்ளைக்கு அடுத்த வாரம் பரீட்சை" என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்.

ஆராய்வோம் என்று நாக்கு நுனிவரை வந்தது. வழக்கப்படி வந்தது. அதை விழுங்கினார்.

"அவ மேசையில இல்லம்மா" என்றார் லூ. "அந்த மாசம் எங்க பேத்தி பொறந்துது. அவ மக வீட்டுல இருந்தா. நானும் தலையாட்டல. பென்சில்ல வட்டம் போட்டது நான், களிமண்ணுன்னு படிச்சுட்டுத்தான் போட்டேன், அதையும் எழுதிக்குங்க. மை போட்டது யார் சொல்லின்னு என் பொண்டாட்டியே சொல்லுவா."

அந்தப் பக்கம் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. சூயின் சட்டையைப் பக்கத்து நாற்காலியின் முதுகில் கசங்காமல் மாட்டினாள். காலரை ஒருதரம் நேராக இழுத்துவிட்டாள். அவரைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள், கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.